ரெண்டு பக்கமும் பூட்டியாச்சு

கொட்டாஞ்சேனையில் மாதா கோயில் மண்டபம் ஒன்றில், மாப்பிள்ளையும் பெண்ணும் கேக் வெட்டி முடித்து, சனம் ஆடத் தொடங்கிய நேரத்தில் என் கிட்டார் கழன்று விழுந்தது. நான் குடித்திருக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அங்கே நின்ற அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பகலிலையே தொடங்கியிட்டார் போல" என்றது மைக்கிலேயே கேட்டது.

விசயம் இதுதான். மின்சாரக் கிட்டார் சும்மா மரப்பெட்டி இல்லை, நல்ல பாரம். அதைத் தோளில் மாட்டுகிற தோல் பெல்ட்டின் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு ஓட்டை இருக்கும். கிட்டாரின் கொம்பில் ஒன்றும் அடியில் ஒன்றுமாக இரண்டு உலோகப் பொத்தான்கள் இருக்கும். ஓட்டையைப் பொத்தானில் கொழுவிவிட்டு, கடவுளை நம்பிக்கொண்டு வாசிக்க வேண்டும். என் பெல்ட்டுக்கு வயது பதினைந்து. அதன் ஓட்டை பழைய சட்டையின் பொத்தான் கண்போல இளகிப் போயிருந்தது. நான் கொஞ்சம் குனிந்தேன், அடிப்பக்கம் நழுவியது. கிட்டார் தலைகீழாகப் போய் ஸ்பீக்கர் பெட்டியின் விளிம்பில் மண்டையை இடித்துக்கொண்டது. கம்பியை இறுக்குகிற முறுக்காணி ஒன்று வளைந்தது. தலைப்பக்கத்தில் நகமளவு மரம் பெயர்ந்தது.

அதுகூடப் பரவாயில்லை. எனக்குப் பொறுக்காமல் போனது வேறு. கிட்டார் விழுந்த பிறகும் தாளம் நிற்கவில்லை. அப்போது எங்கள் குழு என்பது நானும் ஜிந்துப்பிட்டியில் இருந்து வரும் கீபோர்ட்காரரும் மட்டும்தான். ட்ரம்ஸ், பேஸ் எல்லாம் அவருடைய மெஷினுக்குள் இருந்தன. நான் தரையில் முழந்தாளிட்டு வயரைச் சுற்றி எடுத்துக்கொண்டிருக்க, மெஷின் தன் பாட்டுக்கு டிக்கு டிக்கு என்று அடித்துக்கொண்டே இருந்தது. சனமும் ஆடிக்கொண்டே இருந்தது. நான் வாசிக்காமல் விட்டால் ஒரு குறையும் இல்லை என்று அந்த மெஷின் ஊரறியச் சொன்னது.

சாமான்களைக் கட்டும்போது கீபோர்ட்காரர் பக்கத்தில் வந்தார். "கோவிச்சுக்காதீங்கண்ணே. நிப்பாட்டுனா மறுபடி மொதல்ல இருந்து வாசிக்கும். அதான் விட்டுட்டேன்" என்றார். நல்ல மனிதர். அவர்மேல் கோபப்பட முடியாததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

முன்பு நாங்கள் ஐந்து பேர். என் இடது பக்கத்தில் பேஸ்காரன் நிற்பான். என் பெல்ட் நழுவப் பார்த்தால் எனக்குத் தெரிவதற்கு முன்னரே அவனுக்குத் தெரிந்துவிடும். பாட்டின் நடுவிலேயே "டேய், பெல்ட்!" என்பான். நான் முழங்கையால் ஓர் இடி கொடுத்து ஓட்டையைப் பொத்தானில் திரும்ப இறக்குவேன். பன்னிரண்டு வருசம் அந்தச் சத்தத்தில்தான் என் கிட்டார் தொங்கியது. பிறகு அவன் ஜேர்மனிக்குப் போனான். ட்ரம்ஸ்காரன் லண்டனுக்கு, பாட்டுக்காரன் அவுஸ்திரேலியாவுக்கு, பழைய கீபோர்ட்காரன் கனடாவுக்கு. நான்கு பேரையும் கட்டுநாயக்காவுக்கு வான் பிடித்து ஏற்றிவிட்டவன் நான்தான். அவர்களில் ஒருவனும் இப்போது வாசிப்பதில்லை. பேஸ்காரன் ஏதோ சாப்பாட்டுக் கடைக் குசினியில் கோப்பை கழுவுவதாகவும், பேஸைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தான். அந்தக் கட்டிலுக்கு அடி எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். நான் எங்கும் போகாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

முறுக்காணியை மாற்ற மருதானையில் வாத்தியக் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் பெல்ட்டின் ஓட்டைக்குள் தன் பெருவிரலையே நுழைத்துக் காட்டிவிட்டுச் சிரித்தார். இதற்கென்று ஸ்ட்ராப் லொக் என்று ஒரு சாமான் வருகிறது, பெல்ட்டும் கிட்டாரும் கிளிக் என்று ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், அதன் நடுவில் இருக்கிற குடுமியை இழுத்தால் ஒழியக் கழலாது என்றார். எங்கே வாங்கலாம் என்று கேட்டேன். "மெஹெ நே, அய்யே" என்றார் சிங்களத்தில். இங்கே இல்லை. அந்தக் காலத்தில் நல்ல சாமான் எதைக் கேட்டாலும் கொழும்பில் அதுதான் பதில்.

இங்கே இல்லாத சாமான் என்றால் எனக்கு அக்காதான். அக்கா கனடாவில் இருந்தாள். எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருசம் அத்தானோடு போனவள். அத்தான் அங்கேயே காலமாகிவிட்டார். ஒரே மகள் கலியாணம் செய்து, விமானத்தில் போகிற தூரத்தில் இன்னொரு நகரத்தில் இருந்தாள். அக்கா பதினோராம் மாடியில் தனியே. நான் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், அப்பா அம்மா இருந்து செத்த மேல்வீட்டில் தனியே. எனக்குக் கலியாணம் சரிவரவில்லை. அதைப்பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

வீட்டில் டெலிபோன் இல்லை. காலி வீதியும் எங்கள் ஒழுங்கையும் சந்திக்கிற இடத்தில் ஒரு கொமியூனிகேசன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா அங்கே கோல் எடுப்பாள். வெளிநாட்டு அழைப்புக்குக் காத்திருக்கிற சனத்தோடு நானும் மர வாங்கில் குந்தியிருப்பேன். பலகையால் அடைத்த ஒரு சின்னப் பெட்டிக்குள் போய்க் கதைக்க வேண்டும். நாங்கள் சொல்வது அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் சுணங்கும். ஒருவர் சொல்லி முடிக்க முதல் மற்றவர் தொடங்கிவிடுவோம். பாதி கடலுக்குள் போய்விடும்.

அக்கா என்ன கதைத்தாலும் கடைசியில் ஒன்றைத்தான் சொல்வாள். "உனக்கு அங்க ஆர் இருக்கினம்? வீட்டைப் பூட்டிப்போட்டு வாவன்."

"பாப்பம் அக்கா" என்பேன் நான்.

மூன்று தரம் அழைப்புக் கடிதம் அனுப்பினாள். மூன்றாம் தரம் அவள் வாயை மூட வைப்பதற்காகவே போய் விசா எடுத்தேன். ஒரு திகதிக்குள் போய் இறங்கினால் ஆறு மாதம் நின்று பார்த்துவிட்டு வரலாம் என்று குத்தித் தந்தார்கள். பாஸ்போட்டை அலுமாரியில் பூச்சி உருண்டைகளோடு வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். கிட்டார் விழுந்தபோது அந்த விசா முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. நாள்கள் போவது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யார் முதலில் வாய் திறப்பது என்பதுதான் எங்களுக்கிடையில் நடந்துகொண்டிருந்தது.

இந்த லட்சணத்தில் நான் அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கடைசியில், இடம் போதாமல் ஓரத்தில், "கொழும்புக்கு ஆராவது வந்தால் ஸ்ட்ராப் லொக் ரெண்டு குடுத்துவிடுங்கோ, அவசரம்" என்று எழுதினேன். கிட்டாருக்கு என்று எழுதவில்லை. எனக்கு அது சொல்ல வேண்டிய விசயமாகவே படவில்லை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று அந்த மட்டும் இருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, கனடாவில் இருந்து கலியாண வீட்டுக்காக வந்து எங்கள் பக்கத்து லொட்ஜில் தங்கியிருந்த ஒருவரிடம் போய்ப் பார்சலை வாங்கினேன். மேசையில் வைத்துப் பிரித்தேன். உள்ளே இரண்டு பெல்ட்டுகள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். பயணப் பெட்டியைச் சுற்றிக் கட்டுகிற பட்டைகள். ஒவ்வொன்றிலும் மூன்று இலக்கப் பூட்டு. கூடவே ஒரு துண்டு: "தம்பி, ரெண்டு பெட்டிக்கும் ரெண்டு. நம்பர் உன்ர பிறந்த நாளும் மாசமும். மறக்கமாட்டாய். ஒருமாதிரி உனக்கும் அவசரம் வந்திட்டுது."

எட கடவுளே என்று கதிரையில் இருந்துவிட்டேன். ஸ்ட்ராப் என்றால் பட்டை. லொக் என்றால் பூட்டு. சேர்த்துப் பார்த்தால் அக்காவுக்குப் பெட்டிதான் தெரியும். அவளுக்கு மட்டும் என்ன, எங்கள் சனத்தில் யாரைக் கேட்டாலும் அதுதான் தெரிந்திருக்கும். அந்த வருசங்களில் வெள்ளவத்தையில் வீட்டுக்கு வீடு பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும்தான் கிட்டாரைப்பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிழை என்னுடையது என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வந்தது. என் குணம் அப்படி. கோபம் வந்தால் நான் வாயால் கதைக்க மாட்டேன், அக்கா அழுவாள் என்று தெரியும். கடிதம் எழுதுவேன். அன்று நான்கு பக்கம் எழுதினேன். கொட்டாஞ்சேனையில் கிட்டார் விழுந்தது, ஒரு மண்டபமே அதைப் பார்த்துக்கொண்டு நின்றது, மெஷின் நிற்காமல் அடித்தது, முன்பு பேஸ்காரன் "டேய், பெல்ட்" என்று கத்தியது, எல்லாம் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் அடிமட்டம் வைத்து ஒரு கிட்டார் கீறி, பொத்தான் இருக்கிற இரண்டு இடத்திலும் அம்புக்குறி போட்டு, "இதைத்தான் கேட்டனான். பெட்டிக்கு இல்லை" என்று எழுதி அஞ்சலில் போட்டேன்.

அந்த ஞாயிறு அக்கா எடுத்தாள். "பெல்ட் வந்ததே?"

"வந்தது. கடுதாசி போட்டிருக்கிறன். எல்லாம் அதிலை இருக்கு, வாசியுங்கோ" என்றேன் வெடுக்கென்று.

"சரி சரி, வாசிக்கிறன்" என்றாள். குரலில் அப்படி ஒரு சந்தோசம். அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

உண்மையான ஸ்ட்ராப் லொக் எனக்குக் கல்கிசையில் கிடைத்தது. அங்கே கடலோர ஹோட்டல் ஒன்றில் வாசித்து ஓய்ந்த ஒரு சிங்களக் கிட்டார்காரர் இருந்தார். அவரிடம் ஒரு சோடி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பெல்ட்டையும் கிட்டாரையும் தூக்கிக்கொண்டு நூறாம் நம்பர் பஸ்ஸில் போனேன். ஒரு மேசை லாச்சியைக் கிண்டிக் கிண்டி எடுத்துத் தந்தார். சோடியில் ஒரு ஆணி குறைந்தது. அவருடைய விரல்கள் வாதத்தில் மடங்கியிருந்தன. தனக்கு இனித் தேவைப்படாது, கொண்டுபோ மல்லி என்றார், தம்பியைக் கூப்பிடுகிற மாதிரி. திரும்பும்போது செக்பொயின்ற்றில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் கிட்டார் உறையைத் திறந்து பார்த்துவிட்டு, இரண்டு லொக்கையும் உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தான். அது எதற்கு என்று சிங்களத்தில் விளக்கினேன். விழாமல் இருக்கவா, இதற்கு இவ்வளவு பாடா என்றான். ஓம் என்றேன். எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் வேலையைத் தொடங்கினேன். ஸ்குரூ ட்ரைவர் என்னிடம் இல்லை. கீழ் வீட்டில் புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம் ஒன்று இருந்தது. நான் கிட்டார் வாசிப்பதால் அவர் என்னை மாஸ்டர் என்பார். "எடுத்துக்கிட்டுப் போங்க மாஸ்டர், அவசரமில்ல" என்று ஒரு பெட்டி ஆயுதத்தையும் தந்தார்.

பழைய பொத்தான்களைக் கழற்றினேன். கொம்பில் இருந்தது ஒழுங்காக வந்தது. அடியில் இருந்தது விரலாலேயே கழன்று வந்தது. ஆணி இருந்த துவாரம் அவ்வளவுக்குத் தின்னப்பட்டிருந்தது. அந்த நிலைமையில் இத்தனை வருசம் வாசித்திருக்கிறேன், பேஸ்காரனின் வாய் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. தீக்குச்சிகளின் மருந்தைக் கிள்ளி எறிந்துவிட்டு, மரப்பசையில் தோய்த்து, துவாரத்துக்குள் அடைத்து, காயவிட்டு, மிச்சத்தை பிளேட்டால் சீவினேன். அதுவரைக்கும் சரி.

புதுப் பொத்தானை முறுக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு மூன்று கை வேண்டியிருந்தது. ஒரு கை கிட்டாரைப் பிடிக்க, ஒரு கை பொத்தானை நேராக வைத்திருக்க, ஒரு கை முறுக்க. தொடைகளுக்கு இடையில் இடுக்கிப் பார்த்தேன், உருண்டது. சுவரோடு சாய்த்துப் பார்த்தேன், வழுக்கியது. கூப்பிட ஓர் ஆள் இல்லை. கீழே போய்க் கூப்பிட்டால் அவர் வந்திருப்பார், ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மனிதனுக்குத் தன் சாமானைப் பிடித்துக்கொள்ளக்கூட வீட்டில் ஓர் ஆள் இல்லை என்பதை இன்னொரு வீட்டுக்குத் தெரியப்படுத்த விருப்பமில்லை. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. ஆணி ஒன்றுக்காக அழுதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிறகு மேசையில் கிடந்த அக்காவின் பட்டைகள் கண்ணில் பட்டன. கிட்டாரைப் பழைய போர்வையில் வைத்து, சிவப்புப் பட்டையால் மேசையோடு சேர்த்து இடுப்பில் ஒரு கட்டு, நீலப் பட்டையால் தோளில் ஒரு கட்டு. இழுத்து இறுக்கிப் பூட்டினேன். கிட்டார் அசையவில்லை. ஆணிக்கு மெழுகுதிரி தடவி மெல்ல முறுக்கினேன். தீக்குச்சி மரத்தைக் கவ்விப் பிடிப்பது கையில் தெரிந்தது.

குறைந்த ஆணிக்குப் பதிலாகக் காலி வீதியில் வாங்கிவந்த ஆணியின் தலை பெரிது. பொத்தானின் குழிக்குள் அது தாழவில்லை. தாழாவிட்டால் லொக் உள்ளே போகாது, கிளிக் வராது. அரத்தை எடுத்து ஆணித் தலையை ராவினேன். முழு மணித்தியாலம். ஆணியையும் அதைச் செய்தவனையும் விற்றவனையும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். பெல்ட்டின் நுனிகளில் லொக்கை வைத்து, இரண்டு பக்கமும் வாசர் போட்டு, நட்டை இறுக்கினேன். கொம்பில் வைத்து அழுத்தினேன். கிளிக். அடியில் அழுத்தினேன். கிளிக். வருசக்கணக்கில் அந்த வீட்டுக்குள் எனக்குப் பதில் சொன்ன ஒரே சத்தம் அதுதான் என்று சொன்னால் மிகையாக இருக்கும், ஆனால் அப்படித்தான் இருந்தது. பெல்ட்டைப் பிடித்துக் கிட்டாரைத் தூக்கி உலுக்கினேன். விழவில்லை.

மறுநாள் ஞாயிறு. நான் அந்தப் பெருமையோடுதான் கொமியூனிகேசனுக்குப் போனேன். கடிதம் போட்டு இரண்டு கிழமையாகிறது, போய்ச் சேர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

"என்ன மாதிரித் தம்பி, பூட்டியாச்சே?" என்றாள் அக்கா, எடுத்த எடுப்பில்.

கடிதத்தையும் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். "ஓம் அக்கா, நேற்றுத்தான் பூட்டினனான்."

"உண்மையாவோ?"

"ஓம். ரெண்டு பக்கமும் பூட்டிட்டன். இழுத்தும் பாத்தனான். அசையேல்லை."

அவள் ஏதோ கேட்டாள். முதல் சொல் கடலுக்குள் போய்விட்டது. "...கீழ் வீட்டிலையே?" என்பது மட்டும் வந்தது. ஆயுதப் பெட்டியை யாரிடம் வாங்கினாய் என்று கேட்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

"ஓம், கீழ் வீட்டுக்காரரிட்டத்தான். குடுத்திட்டன்" என்றேன்.

 மறுபக்கத்தில் ஒரு விம்மல். பிறகு சிரிப்பு. "என்ர பிள்ளை" என்றாள் அக்கா. அம்மா செத்த பிறகு என்னை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. "நான் நாளைக்கே போய்க் கட்டில் பாக்கிறன். மற்ற அறைக்கு. நீ சின்னக் கட்டிலிலை படுக்கமாட்டாய், காலை நீட்டுவாய்..." அதோடு அவளுடைய டெலிபோன் காட் முடிந்து லைன் அறுந்தது.

ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கட்டில் எதற்கு என்று யோசித்தேன். கொஞ்ச நேரத்தில் விளங்கியது. கடலுக்குள் போன சொல் சாவி. சாவி கீழ் வீட்டிலையே என்று கேட்டிருக்கிறாள். முன் கதவு, பின் கதவு, ரெண்டு பக்கமும். கடிதம் போய்ச் சேரவே இல்லை.

எங்கள் தமிழை என்ன சொல்ல. மின்விசிறியைக் கூரையில் மாட்டினாலும் பூட்டினது என்கிறோம். கடையைச் சாத்தினாலும் பூட்டினது என்கிறோம். மாட்டை வண்டியில் கட்டினாலும் பூட்டினதுதான். வேறு யாரும் பேசுகிற தமிழில் இந்த வில்லங்கம் வந்திராது. நுணலும் தன் வாயால் கெடும். நான் ஒரு சொல்லால் கெட்டேன்.

"அண்ணை, ஆக்கள் நிக்கினம்" என்று கொமியூனிகேசன்காரர் பலகையில் தட்டினார். அங்கேயே திருப்பி அக்காவுக்கு எடுத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். நம்பர் மனப்பாடம். ஆனால் என்ர பிள்ளை என்ற அந்தக் குரல் காதுக்குள் இருந்தது. நான் கோழை. வெளியே வந்து வீட்டுக்கு நடந்தேன்.

அந்தக் கிழமை முழுவதும் சொல்ல வேண்டியதை மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்தேன். நான் வேலை செய்த கப்பல் கம்பனியில் இரண்டு கடிதங்களைப் பிழையாக அடித்து ஏச்சும் வாங்கினேன். விசா முடிய ஐந்து கிழமை இருந்தது. ஞாயிறு காலை ஏழு மணிக்கே போய் வாங்கில் இருந்துவிட்டேன்.

சரியாக எட்டுக்கு அடித்தது. நான் வாய் திறக்க முதல் அக்கா சொன்னாள். "கடுதாசி வந்தது."

"அக்கா..."

"படம் வடிவாக் கீறியிருக்கிறாய்." கொஞ்சம் பொறுத்து, "அப்ப நீ பூட்டினது கிட்டாருக்கு" என்றாள்.

"ஓம்."

"வீட்டை இல்லை."

"இல்லை அக்கா."

 அவள் குரலில் அழுகை இல்லை. ஏச்சும் இல்லை. அரிசி விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

"மாசி மாசம் நான் குளிக்கிற அறையிலை வழுக்கி விழுந்தனான். உனக்குச் சொல்லேல்லை. காலமை விழுந்தனான், பின்னேரம் மட்டும் எழும்ப ஏலாமல் அதுக்குள்ளையே கிடந்தன். ஒருத்தரும் வரேல்லை. வந்திருந்தாலும் கதவு உள்ளுக்குப் பூட்டித்தான் கிடந்தது." மூச்சு வாங்கினாள். "உன்ர கிட்டார் விழேக்க ஒரு மண்டபமே பாத்துக்கொண்டு நிண்டதெண்டு எழுதியிருக்கிறாய். நான் விழேக்க ஒருத்தரும் பாக்கேல்லைத் தம்பி."



"கட்டில் வந்திட்டுது" என்றாள். "பிளாஸ்டிக்கைக் கழட்டேல்லை. கடையிலை திருப்பி எடுப்பினம். நீ யோசிக்காதை." காட் முடிந்து லைன் அறவில்லை. அவளாகத்தான் வைத்தாள். அப்படி அவள் ஒருநாளும் வைத்ததில்லை.

வீட்டுக்கு வந்து கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வாசிக்கவில்லை. லொக்கின் குடுமியை இழுத்துக் கழற்றுவதும் திரும்பக் கிளிக் என்று பூட்டுவதுமாக இருந்தேன். மாசி மாதத்தில் எத்தனை ஞாயிறு நாங்கள் கதைத்திருப்போம் என்று யோசித்தேன். ஒரு ஞாயிறு அவள் இருமியதும், என்ன என்று நான் கேட்காததும் ஞாபகம் வந்தது. அன்று நான் கிட்டார்க் கம்பி விலையைப்பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். என்மேல் எனக்கு வந்த அருவருப்பைக் கடிதமாக எழுத ஆள் இல்லை.

திங்கட்கிழமை லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். சம்பளமில்லாத லீவு ஆறு மாதம். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீரும் போறீரோ?" என்றார். திரும்பி வருவேன் என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வினம் என்றார். கீபோர்ட்காரரிடம் சொன்னபோது, "போயிட்டு வாங்கண்ணே. ஒங்க சவுண்டையும் மெசின்ல போட்டு வச்சுக்கிறேன்" என்றார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். நானும் ஆறுதலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்று ஞாயிறும் அக்கா எடுக்கவில்லை. நான் வாங்கில் இருந்துவிட்டு எழும்பி வந்தேன். நானாக எடுத்துச் சொல்லவும் இல்லை. இந்தமுறை உண்மையாகப் பூட்டி முடித்த பிறகுதான் சொல்வது என்று பிடிவாதமாக இருந்தேன். என் வாய்ச்சொல்லை இனி அவள் நம்ப நியாயமில்லை.

புறப்படும் நாள் காலை, சிவப்புப் பட்டையை உடுப்புப் பெட்டிக்குக் கட்டினேன். நீலப் பட்டையைக் கிட்டார் பெட்டிக்குக் கட்டினேன். கிட்டாரை விட்டுவிட்டுப் போகத்தான் முதலில் நினைத்தேன். பிறகு கட்டிலுக்கு அடியில் வைப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு எடுத்தேன். இலக்கங்களைக் குழப்பிவிட்டு, திரும்ப என் பிறந்த நாளையும் மாதத்தையும் வைத்துப் பார்த்தேன். திறந்தது. திரும்பப் பூட்டினேன். பின் கதவைத் தாழ்ப்பாள் போட்டு ஆமைப்பூட்டு மாட்டினேன். முன் கதவைப் பூட்டினேன். பெட்டிகளைப் படியால் இறக்கி வைத்துவிட்டு, கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"எப்ப மாஸ்டர் வாறது?" என்று கேட்டபடி துணிக்கடைக்காரர் சாவியை வாங்கினார்.

"ஆறு மாசம்" என்றேன்.

"இன்ஷா அல்லாஹ்" என்று சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டிகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

வான் வர அரை மணித்தியாலம் இருந்தது. கொமியூனிகேசனுக்கு நடந்தேன். இத்தனை வருசத்தில் நானாக அக்காவுக்கு எடுத்தது அதுதான் முதல் தரம். அங்கே இரவு, நித்திரையாய் இருப்பாள் என்று நினைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அக்கா, பூட்டிட்டன்" என்றேன்.

கடலைத் தாண்டிப் போய்ச் சேர நேரம் எடுத்தது.

"என்னத்தை?" என்றாள்.

"வீட்டை."

நான் காத்திருந்தேன். கொமியூனிகேசன்காரர் பலகையில் தட்டவில்லை. வெளியே நூறாம் நம்பர் பஸ் ஒன்று நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அக்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு பக்கமுமே?"

"ரெண்டு பக்கமும்."

"இழுத்துப் பாத்தனியே?"

"பாத்தனான் அக்கா" என்றேன். "பிளாஸ்டிக்கைக் கழட்டுங்கோ."